கறுப்பனுக்கு வந்த சோகை

மீன் கழுவும் சத்தம் கேட்டால் மாடியிலிருந்து பாய்ந்து வருபவன் எங்கள் வீட்டுக் கறுப்பன். அவன் நாலு நாளாக அரிசி மூட்டை மேல் சுருண்டே கிடந்தான். வெயில் சோம்பல் என்று நானும் விட்டுவிட்டேன். என் சின்னப் பெண்தான் வாயைத் திறந்து பார்த்து, "அம்மா, ஈறெல்லாம் வெள்ளையா வெளுத்துப் போயிருக்கு!" என்றாள்.

"உடம்பு சுடுது. நம்ம ஜுர மாத்திரையில கால் துண்டு பொடிச்சுக் குடும்மா" என்றார் மாமியார். நல்ல வேளை, கொடுக்கவில்லை. மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் இதைச் சொன்னபோது, "பாராசிட்டமால் பூனைக்கு விஷம்மா, உயிரே போயிருக்கும்" என்றார்.

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்தார். சிவப்பணுக்களின் மேல் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொண்டு வாழும் கிருமியாம். பெயர் மைக்கோப்ளாஸ்மா ஹீமோபெலிஸ். என் வாயில் நுழைய இரண்டு நாளாயிற்று! முன்பு இதை ரிக்கெட்சியா வகையில் வைத்திருந்தார்களாம், இப்போது மைக்கோப்ளாஸ்மா வகையில் சேர்த்துவிட்டார்கள். கிருமி ஒட்டிய அணுக்களைப் பூனையின் உடம்பே அழித்துவிடுவதால்தான் சோகை. சிலதுக்குக் கண்ணும் ஈறும் மஞ்சளாகவும் ஆகும்.

இது எப்படித் தொற்றுகிறது? தெள்ளுப்பூச்சி மேல்தான் பெரிய சந்தேகம். கடித்துக் குதறும் சண்டையிலும் பரவலாம் என்கிறார்கள். ராத்திரியெல்லாம் ஊர் சுற்றும் கடுவன்களுக்கு அதிகம் வருவது அதனால்தான். நம் கறுப்பன் சண்டையில் காது கிழிந்து வந்தவன்தானே!

டாக்ஸிசைக்ளின் மாத்திரை, 4 வாரம். மாத்திரை தொண்டைக்குழாயில் தங்கினால் புண்ணாகிவிடும் என்பதால், விழுங்கியதும் ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும். குணமான பிறகும் கிருமி ரத்தத்தில் ஒளிந்திருக்கலாமாம்.

அன்றிலிருந்து தெள்ளுதான் எனக்குச் சத்துரு. பேன் சீப்பால் வாரி, உதிர்வதை ஈர வெள்ளைத் துணியில் போட்டுப் பாருங்கள். கறுப்புத் துகள் கரைந்து சிவந்தால் அது தெள்ளின் எச்சம், பூனையின் ரத்தம்தான். முட்டைகள் பாயிலும் தரை வெடிப்பிலும் உதிர்ந்து கிடக்கும். விரிப்புகளை வாராவாரம் வெந்நீரில் துவையுங்கள், மூலைமுடுக்கெல்லாம் பெருக்குங்கள். கைக்குழந்தை தவழும் வீடென்றால் இன்னும் அவசியம். தெள்ளு குழந்தையையும் கடிக்கும்.

எதிர்வீட்டு அக்கா மண்ணெண்ணெய் தடவச் சொன்னார். கூடவே கூடாது, நக்கியே விழுங்கிவிடும். நாய்க்குப் போடும் மருந்தும் வேண்டாம்; அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்துவிடும். பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்தை டாக்டரிடம் எடை சொல்லி வாங்குங்கள்.

கறுப்பன் இப்போது மீனுக்கு ஓடி வருகிறான். மாத்திரை டப்பா சத்தம் கேட்டால் மட்டும் பீரோ மேல்!