கொசுவின் வயிற்றில்



சென்ற மாதம் மலேரியாவைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த தாய் ஒருவர், ஞாயிறு திருப்பலி முடிந்தபின் என்னை நிறுத்தி, "கொசு குடிக்கிற இரத்தம் அதன் வயிற்றிலே செரித்துப் போகுமே, சாமி! கிருமி மட்டும் எப்படிப் பிழைக்கிறது?" என்று வினவினார். குருமடத்தில் எவரும் எழுப்பாத வினா!

அவர் ஐயம் நியாயமானதே. பெண் கொசுவே இரத்தம் குடிக்கும். அதுவும் முட்டைகளுக்கு வேண்டிய புரதத்திற்காக. பூந்தேன் அதன் உடலில் தனிப் பையொன்றுக்குச் செல்ல, இரத்தமோ நேரே நடுக்குடலை அடைகிறது. ஏறக்குறைய தன் எடையளவு, அதாவது 2 அல்லது 3 மில்லிகிராம் குடித்துவிடும். உடனே டிரிப்சின் முதலிய செரிமான நீர்கள் சுரக்கின்றன. இரத்தத் திரளைச் சுற்றி மெல்லிய உறையொன்றும் படிகிறது. இரண்டு மூன்று நாள்களில் எல்லாம் செரித்துவிடும். மலேரியாக் கிருமிகளிலும் பெரும்பகுதி அவ்வாறே அழியும். (கொசுவால் எய்ட்ஸ் பரவுமோ என அஞ்சுவோர் அறிக: அந்நோயின் நுண்கிருமியும் அங்கே செரிக்கப்பட்டே ஒழிகிறது.)

தப்புவன பாலணுக்களே. மனித உடலின் வெப்பம் நீங்கிக் கொசுவின் குளிர்ந்த வயிற்றுக்குள் வந்ததும் அவற்றுள் ஆணும் பெண்ணும் இணைந்து, ஏறக்குறைய ஒரு நாளில் புழுப்போல் நகரும் வடிவம் பெறுகின்றன. அது தானே ஒரு நொதியைச் சுரந்து உறையைத் துளைத்து, குடற்சுவரையும் கடந்து, அதன் வெளிப்புறத்தில் கூடு கொள்கிறது. செரிமானம் எட்டாத இடம் அது.

1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டது இக்கூட்டையே. உசேன் கான் என்ற நோயாளியைக் கடித்த கொசுவை நான்காம் நாள் அறுத்து நோக்கினார். மறுநாள் அறுத்த மற்றொரு கொசுவில் கூடுகள் இன்னும் பெருத்திருந்தன. வளர்கிறதெனில் உயிருள்ளது அல்லவா? ராஸுக்கு 1902-இல் நோபல் பரிசு கிட்டியது. உசேன் கானுக்குக் கிட்டியது கடித்த கொசுவுக்கு ஓர் அணா வீதம்!

கூடு வெடித்து, கிருமிகள் எச்சில் சுரப்பியை அடைய 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் பல கொசுக்கள் மாண்டுபோகும்.

இவற்றைச் சொல்லி முடித்ததும் அத்தாய் தயங்கினார். ஒரே வலையில் நலமாயிருந்த பிள்ளைகளைப் படுக்கவைத்து, காய்ச்சல் கண்ட மூத்த மகனைத் திண்ணையில் விட்டிருந்தாராம். கொசு கிருமியைப் பெறுவதே அவனிடமிருந்துதான் என்றேன். இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பிவைத்தேன். மறுநாளே இரண்டாவது வலை வாங்கிவிட்டதாகச் சொல்லியனுப்பினார்.