ஆயாவின் சட்டியும் நம் கையெழுத்தும்

(இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு)



மழை விட்ட மறுநாள் எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு கூட்டம் குனிந்தபடியே நடக்கும். நத்தை பொறுக்குகிறவர்கள். எங்கள் ஆயாவும் அதில் ஒருவர். "மூலத்துக்கு நத்தை, சளிக்கு வயல் நண்டு. இதுக்கு மேல எந்த டாக்டருடா?" என்பார். ஆட்டுக்கறி எடுக்க வழியில்லாத வீட்டில் அதுதான் கறி. பாலாற்றங்கரையில் பிறந்த நம்மில் பலருக்கு இந்த ருசி தெரியும். வெளியே சொல்லத்தான் கூச்சம்!

போன விடுமுறையில், "அந்த ஏரி நத்தை இனிமே வேணாம் ஆயா" என்றேன். "நான் தின்னேன், உங்கப்பன் தின்னான். உனக்கு மட்டும் என்னடா வந்துச்சு?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் ஆயா சின்ன வயதில் பார்த்த ஏரியா இது?

அன்று ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. சாதாரண முறையில், போடுகிற குரோமிய உப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும். மிச்சம் கழிவுநீரோடு போகும். முலாம் பூசும் பட்டறையிலிருந்து நிக்கலும் காட்மியமும், பழைய பேட்டரி உருக்கும் இடத்திலிருந்து ஈயமும் வெளியேறுகின்றன. இவை மக்குவதில்லை, அழிவதில்லை. சேற்றில் போய்ப் படிகின்றன.

அந்தச் சேற்றில்தான் நத்தையின் குடித்தனம். மட்டி நாள் முழுக்கத் தண்ணீரை இழுத்து வடிகட்டித் தின்கிறது. நத்தை பாசியையும் சேற்றையும் சுரண்டுகிறது. அதன் உடம்பிலுள்ள ஒருவகைப் புரதம் காட்மியத்தைப் பிடித்துக் கட்டிவைத்துக்கொள்கிறது. அதனால் நத்தை சாவதில்லை. நாற்றமோ நிற மாற்றமோ தெரிவதில்லை. தண்ணீரைச் சோதித்தால் குறைவாகத் தெரியும் உலோகம் சதைக்குள் பல மடங்காகச் சேர்ந்திருக்கும்.

"நல்லா கொதிக்க வெச்சா எல்லாம் செத்துடும்டா" என்றார் ஆயா. கிருமி சாகும், உலோகம் சாகாது! ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டுவைத்தால் வயிற்றுச் சேறு போகும். சதையில் ஏறியது போகாது. உலோகம் அதிகம் சேருவது குடல் பகுதியில்தான். அதை எடுத்து எறிந்தால் ஓரளவு குறையும். ஆனால் நண்டு ரசத்துக்கு நண்டை முழுசாக இடித்தல்லவா சாறு எடுக்கிறோம்?

காட்மியம் மனிதனின் சிறுநீரகத்தில் புகுந்தால், அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் பிடிக்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரைப் பெண்கள் எலும்பு நொறுங்கித் துடித்தார்கள். சுரங்கக் கழிவின் காட்மியம் ஆற்று நீர்வழி அவர்கள் சோற்றில் ஏறியிருந்தது. அரசு அதை ஒப்புக்கொண்டது 1968-ல். 1956-ல் வெளிச்சத்துக்கு வந்த மினமாட்டா நோயில் பாதரசம் வந்த வழியே மீனும் மட்டியும்தான். ஈயமோ குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். இவ்வளவுதான் பாதுகாப்பானது என்று அதற்கு ஓர் அளவே கிடையாது.

நத்தை தின்றவரெல்லாம் நோயாளி என்று நான் சொல்ல வரவில்லை. கழிவு கலக்காத ஏரி நத்தை நல்ல உணவு. ஏழைக்கு அது புரதம். ஆலை வாய்க்கால் வந்து விழும் ஏரியைப் பற்றித்தான் பேசுகிறேன். கப்பலேறும் இறாலுக்கு ஆய்வுக்கூடச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஆயா மடியில் கட்டிவரும் நத்தைக்கு யார் கேட்பது?

சட்டம் இல்லாமலா? வேலூர் தோல் ஆலை வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், "மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்" என்ற கொள்கையை இந்த நாட்டுச் சட்டமாகவே அறிவித்தது. ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. நடுவில் போனது 28 வருஷம்!

நண்பர்களே, இங்கேதான் நம் கதை தொடங்குகிறது. தொழிற்பயிற்சிக்குப் போன ஒரு பட்டறையில், இரவு மழை பிடித்ததும் மேற்பார்வையாளர் சொன்னார்: "தம்பி, மழையோட மழையா தொட்டியைத் திறந்து விட்டுடு." திறந்தவர் நம்மைப் போல டிப்ளமோ படித்த ஒரு அண்ணன். காலையில் 'சுத்திகரிப்பு சரியாக நடந்தது' என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவரும் அவரே. பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

முதலாளி வந்து வால்வைத் திறப்பதில்லை. நாளை அதைத் திறக்கப்போவதும் மூடப்போவதும் நம் கை. வேலை போய்விடுமே என்ற பயம் உண்மைதான். அதனால்தான் தனியாக அல்ல, சங்கமாகப் பேசவேண்டும் என்கிறேன். நம் மாணவர் சங்கம் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளட்டும். சுற்றுவட்டார ஏரிகளில் நத்தையும் சேறும் எடுத்து, உலோகம் அளக்கும் கருவி உள்ள கல்லூரிக்கு அனுப்புவோம். வருகிற முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டுவோம்.

ஆயாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் டாக்டர் இல்லை. நான்தான், நீங்கள்தான். பொய்க் கையெழுத்துப் போடமாட்டேன் என்று பட்டயம் வாங்கும் முன்பே ஒவ்வொருவரும் முடிவு செய்வோம்!