பொட்டலம் பத்திரம்!

“டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தாச்சாம் அண்ணாச்சி. இனி அவன் தப்ப முடியாது!”

கொலைச் செய்தி வருகிற நாளெல்லாம் நெல்லை ஜங்ஷன் டீக்கடைகளில் இந்தப் பேச்சுத்தான். தப்பவே முடியாதா? தேனி மாவட்டம் சுருளி அருவி வழக்கைக் கேளுங்கள்.

2011 மே மாதம். அருவிப் பக்கம் போன ஒரு வாலிபரும் இளம்பெண்ணும் காட்டுக்குள் பிணமாகக் கிடந்தார்கள். ஒருவரைப் போலீசார் பிடித்தனர். பெண்ணின் உடலில் எடுத்த மாதிரியோடு அவருடைய டி.என்.ஏ. ஒத்துப்போகிறது என்றது அரசுத் தரப்பு. 2018-ல் தேனி கோர்ட்டு தூக்குத் தண்டனை விதித்தது. 2019-ல் மதுரை ஐகோர்ட்டுக் கிளையும் அதை உறுதி செய்தது.

2025 ஜூலை 15 அன்று சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செய்துவிட்டது!

டி.என்.ஏ. பொய் சொல்லிவிட்டதா? இல்லை. மாதிரி வைத்த பொட்டலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, நடுவில் எங்கே கிடந்தது என்று போலீசாரால் சரியாகக் கணக்குச் சொல்ல முடியவில்லை. மற்ற சாட்சியங்களும் நிற்கவில்லை. ஒரு மனிதர் தூக்குக் கயிற்றின் நிழலில் 7 வருஷம் கிடந்தார். சரி, அந்த இரண்டு பேரையும் கொன்றது யார்? பெற்றவர்கள் யாரைப் போய்க் கேட்பார்கள்?

லாரி ஆபீசில் ஒரு சிப்பம் மிளகாய் வத்தல் போட்டால்கூட ரசீது உண்டு. இறக்குகிற இடத்தில் கையெழுத்து உண்டு. கடைக்காரர்களுக்குத் தெரியும். உயிர் சம்பந்தப்பட்ட பொட்டலத்துக்கு அது வேண்டாமா?

வேண்டும் என்று அதே தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. பொட்டலத்தின் மேல் வழக்கு எண், ஸ்டேஷன், விசாரணை அதிகாரி விவரம் இருக்க வேண்டும். மாதிரி எடுத்த தாளில் டாக்டரும் அதிகாரியும் சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் அது ஆய்வுக்கூடம் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் காரணத்தை எழுத வேண்டும். விசாரணைக் கோர்ட்டு அனுமதி இல்லாமல் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. கை மாறுவதையெல்லாம் எழுத ஒரு பதிவேடு.

நம் ஊர் வெயிலுக்கு இந்த 48 மணி நேரம் முக்கியம். ரத்தம் பட்ட துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டால் கெட்டுப்போகும். உலர்த்திக் காகித உறையில் வைக்க வேண்டும்.

ஒழுங்காக எடுத்தால் டி.என்.ஏ. யாருக்கும் தயவு காட்டாது. 2020-ல் சாத்தான்குளம் தந்தை – மகன் வழக்கில், ஸ்டேஷனில் எடுத்த ரத்தக்கறை அவர்களுடையதுதான் என்று டி.என்.ஏ. காட்டியது. அங்கே குற்றம் சாட்டப்பட்டவர்கள் காக்கிச்சட்டைக்காரர்கள்!

திருவிழா பந்தோபஸ்து, கோர்ட்டு டியூட்டி என்று ஓடுகிற ஏட்டையாவின் கஷ்டம் நமக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை அதிகாரிகள் திடீரென்று ஸ்டேஷனுக்குள் நுழைந்து, “அந்தப் பதிவேட்டைக் கொண்டு வாய்யா” என்று கேட்கட்டும். எத்தனை பக்கம் எழுதாமல் கிடக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும்.