கூரை பிரித்த நேரத்தில் மழை

கிடுகு வேய்ந்த வீட்டிற் குடியிருந்தவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். பழைய கிடுகைப் பிரித்துப் போட்டுப் புதிய கிடுகை ஏற்றி முடிப்பதற்கு இடைப்பட்ட பொழுதே வீட்டுக்கு ஆபத்தான பொழுது. தலைக்கு மேலே பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அவ்வேளையில் வானம் இருண்டால் வீட்டுக்காரர் படும் பாட்டை விவரிக்க வேண்டுவதில்லை. இன்று வன்னியிலே ஓட்டு வீடுகளும் தகரக் கூரைகளும் பெருகிவிட்டன. ஆயினும் அந்த ஆபத்துப் பொழுது நம்மை விட்டு நீங்கவில்லை. அது வேறொரு வடிவத்தில் நம் வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சென்ற மாரியில் ஒரு மாலை, கிளிநொச்சியில் நம் அயல் வீட்டுச் சிறுவன் ஒருவன் துவாயிற் சுற்றிய பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். வயது பதினான்கு. அவனுக்குப் பின்னால் குடை பிடித்தபடி அவனுடைய அம்மம்மாவும் வந்தார். பெட்டி, தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் கருவி. கனடாவிலுள்ள மாமன் கொண்டுவந்து கொடுத்தது. அதன் பெயரும் தயாரிப்பாளர் பெயரும் இங்கே வேண்டா. நேர்ந்த இடையூறு அவர்களால் நேர்ந்ததன்று.

"மாமா, இது செத்துப் போச்சு" என்றான் பையன்.

விசாரித்தோம். அன்று நண்பகல் கருவி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறது. பிள்ளைகள் இதனை 'அப்டேற்' என்பர். பையன் சம்மதித்துப் பொத்தானை அழுத்தினான். திரையிலே கோடு பாதிக்கு மேல் வளர்ந்தபோது காற்றில் முருங்கைக் கொப்பு ஒன்று முறிந்து மின்கம்பியில் விழுந்தது. மின்சாரம் நின்றது. இரண்டு மணி நேரத்தின் பின் மின்சாரம் வந்தது. கருவியின் விளக்கும் எரிந்தது. திரை மட்டும் இருண்டே கிடந்தது.

திருத்துமிடம் ஒன்றுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கிருந்தவர், உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தரலாம் என்றாராம். பையன் பெட்டியைப் பறித்துக்கொண்டு ஓடிவந்துவிட்டான்.

"விளையாட்டுத்தானே தம்பி? மறுபடியும் முதலிலிருந்து விளையாடலாமே" என்றோம்.

பையன் பேசவில்லை. அம்மம்மாதான் பேசினார். "அதுக்குள்ள எங்கட வீடு இருக்குது, தம்பி."

மைன்கிராஃப்ட் என்றொரு விளையாட்டு உண்டு. சிறு சிறு கட்டிகளை அடுக்கி, மாடமாளிகையோ மாட்டுக்கொட்டிலோ, மனம்போன எதையும் அதிலே கட்டலாம். பையனுடைய தமையன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். புறப்படுவதற்கு முன், புதுக்குடியிருப்பில் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்கள் விட்டு வந்த வீட்டை, அம்மம்மாவின் வாய்மொழி கேட்டுக் கேட்டு, அந்த விளையாட்டினுள்ளே கட்டி வைத்திருக்கிறான். படலை, முற்றம், கிணறு, மா, பலா எல்லாம் அதிலே உண்டாம். அந்த வீட்டுக்குப் புகைப்படம் ஒன்றேனும் இல்லை. தம்பி பிறந்ததே போருக்குப் பின்னர். அவன் கண்ட வீடு அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒன்றே.

இதைக் கேட்ட பின்னர் அதனை விளையாட்டுச் சாமான் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

இனி, நேர்ந்தது யாதென்று பார்ப்போம். இத்தகைய கருவி ஒவ்வொன்றினுள்ளும் அதை இயக்கும் கட்டளைத் தொகுதி ஒன்று பதிந்திருக்கிறது. தமிழில் இதனை நிலைபொருள் என்பர். மின்சாரம் வந்ததும் கருவி முதலில் இதைத்தான் படிக்கிறது. படித்த பின்னரே தான் யார், தன் கடமை யாது என்று அறிகிறது. புதுப்பித்தல் என்பது இத்தொகுதியின் பழைய பகுதிகளை நீக்கிப் புதியவற்றை எழுதுவது. எழுதி முடியுமுன் மின்சாரம் நின்றால் பாதி பழையது, பாதி புதியது என்ற நிலை உண்டாகிறது. கருவி அதைப் படித்துப் பார்த்துப் பொருள் விளங்காமல் திகைத்து நிற்கிறது. கிடுகு பிரித்த வீட்டில் மழை பெய்த கதைதான் இது.

ஆனால் நேயர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கூரை நனைந்தாலும் தூண்களும் வளைகளும் நிற்கின்றன. மூலையிலுள்ள பெட்டகமும் பெரும்பாலும் நனையாதிருக்கிறது. இவ்வாறே கருவியிலும், ஆரம்பக் கட்டளைகள் சிலவற்றைத் தயாரிப்போர் எளிதில் அழியாதபடி வேறிடத்தில் வைத்திருக்கின்றனர். நாம் சேமித்த விளையாட்டுக்களோ வன்தட்டில் வேறொரு பகுதியில் இருக்கின்றன. ஆகவே திரை இருண்டதும் எல்லாம் போய்விட்டது என்று முடிவு கட்டலாகாது. வீட்டை இடிக்குமுன் பெட்டகத்தைப் பார்க்க வேண்டும்.

பரவலாக வழங்கும் பிளேஸ்ரேஷன் 4, பிளேஸ்ரேஷன் 5 ஆகியவற்றை எடுத்துக்கொள்வோம். கருவியை முற்றாக நிறுத்திய பின், மின் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். முதலில் ஓர் ஒலி கேட்கும். ஏறக்குறைய 7 விநாடிகளில் இரண்டாவது ஒலி கேட்கும். அப்போது கையை எடுத்தால் 'பாதுகாப்பு முறை' என்னும் பட்டியல் திரையில் தோன்றும். அதிலே 7 வழிகள் உள்ளன. முதல் ஐந்தும் சேமித்தவற்றை அழிப்பன அல்ல. மூன்றாவது, கட்டளைத் தொகுதியை மீண்டும் புதுப்பிப்பது. ஐந்தாவது, வன்தட்டின் அட்டவணையைச் சீராக்குவது. ஆறாவதும் ஏழாவதும் உள்ளே இருப்பவற்றைத் துடைத்துவிடுவன. ஆகவே ஐந்தைத் தாண்டிப் போகுமுன் ஆற அமர யோசிக்க வேண்டும். திருத்துமிடத்திற் கொடுப்போரும் இதை முதலிலேயே சொல்லிக் கொடுத்தல் நன்று.

மூன்றாவது வழிக்கு வேண்டிய தொகுதியைத் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தே கணினியில் இறக்கி, ஒரு பென்டிரைவில் இட வேண்டும். அங்கே இருவகைத் தொகுதிகள் உண்டு. ஒன்று புதுப்பிப்பதற்கு; மற்றது, பெரியது, எல்லாவற்றையும் அழித்து மீளப் பதிப்பதற்கு. நமக்கு வேண்டியது முன்னையதே. உறைகளின் பெயரையும் தொகுதியின் பெயரையும் அவர்கள் சொன்னபடி ஆங்கிலப் பெரிய எழுத்துக்களில் இடுதல் வேண்டும். ஓரெழுத்துப் பிழைத்தாலும் கருவி கண்டுகொள்ளாது.

நம் வீட்டு மேசையில் பையனும் நாமும் இவ்வாறான முயற்சியில் இரண்டு முறை தோற்றோம். முதன்முறை, கையிற் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கருவி பட்டியலில் அசையவே இல்லை. பழுது அதிலன்று, நாம் இணைத்தது மின்னேற்ற மட்டும் பயன்படும் கம்பி. செய்தி கடத்தும் கம்பியை மாற்றியதும் அசைந்தது. இரண்டாம் முறை, பென்டிரைவைக் கருவி ஏற்கவில்லை. அது கணினிக்கென என்.ரி.எவ்.எஸ். முறையில் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. கருவிக்கு வேண்டியதோ எவ்.ஏ.ரி.32 அல்லது எக்ஸ்எவ்.ஏ.ரி. முறை. பையன் அழத் தொடங்கிவிட்டான். இத்தகைய சிறு தடைகளில் மனம் சலித்துத்தான் பலர் ஆறாவது வழியை அழுத்திவிடுகின்றனர் போலும்.

தேர்ந்த நிறுவனங்களும் இத்துறையில் இடறியதுண்டு. 2013 யூன் மாதத்தில் சோனி நிறுவனம் பிளேஸ்ரேஷன் 3இற்கு வெளியிட்ட 4.45 என்னும் தொகுதி சில கருவிகளை இயங்காமற் செய்தது. நிறுவனம் அதை உடனே திரும்பப் பெற்று, அம்மாத இறுதியிலே 4.46ஐ வெளியிட்டது. இதற்கு முன், 2010 மார்ச் 1ஆம் திகதி, பழைய பிளேஸ்ரேஷன் 3 கருவிகள் உலகெங்கும் ஒருங்கே தடுமாறின. அவற்றின் உள்மணிக்கூடு 2010ஐ லீப் வருடமென்று தவறாகக் கணக்கிட்டதே காரணம். கருவியைத் தொடாமற் பொறுத்திருக்குமாறு நிறுவனம் கேட்டுக்கொண்டது. ஒரு நாள் கழிந்ததும் கோளாறு தானே நீங்கிற்று. அன்று பதறிப்போய் அழித்தெழுதியவர்கள் இருந்திருப்பின், அவர்கள் வீணே இழந்தவர்களாவர்.

இவற்றைக் கேட்டுப் புதுப்பித்தலே வேண்டாமென்று ஒதுக்குவதும் அறிவாகாது. பிளேஸ்ரேஷன் 4இன் உள்ளே நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று மணிக்கூட்டை நடத்துகிறது. அது செத்துவிட்டால், நிறுவனத்தின் வலையமைப்போடு தொடர்புகொள்ள இயலாத கருவியிற் சில விளையாட்டுக்கள் திறவாமற் போகும் நிலை இருந்தது. அக்குறையை 2021 செப்டெம்பரில் வந்த 9.00 என்னும் தொகுதியே நீக்கிற்று. உக்கிய கிடுகை மாற்றாமலே விட்டாலும் ஒருநாள் ஒழுகும் அல்லவா?

நம் பகுதியிலே எச்சரிக்கை சற்று மிகுதியாக வேண்டும். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் வானொலிக்கு மின்கலம் கிடைப்பது அரிது. துவிச்சக்கரவண்டியை நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்திலே நம்மவர் செய்தி கேட்டனர். சுழற்றுகிறவன் களைத்தால் செய்தி நடுவில் அறுந்தது; ஆயினும் வானொலி பழுதாகவில்லை. மீண்டும் சுழற்ற மீண்டும் பேசிற்று. இன்றைய கருவிகள் அப்படிப்பட்டவை அல்ல. தம்மைத்தாமே திருத்தி எழுதும் ஆற்றல் பெற்றமையால், எழுதும் வேளையில் இடையூறு தாங்காதனவாயும் இருக்கின்றன.

மின்சாரத்தின் நிலையை நாம் அறிவோம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை அது நின்றது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதுமே இருண்டது. பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை அது என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். கொழும்புப் பக்கத்துக் குரங்கு வன்னிப் பிள்ளையின் விளையாட்டையும் நிறுத்த வல்லது!

ஆகவே சில வழக்கங்களை வீட்டில் ஏற்படுத்துதல் நலம். காற்றும் மழையும் மின்னலும் உள்ள நாளில் புதுப்பித்தலுக்குச் சம்மதிக்கக் கூடாது. கருவி நாளைக்கும் கேட்கும். கணினிக்கு வைத்திருக்கும் யூ.பி.எஸ். பெட்டியில் கருவியையும் தொலைக்காட்சியையும் அந்த அரைமணி நேரம் இணைக்கலாம். தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டை நிறுத்தி வைக்கலாம். எல்லாவற்றிலும் முக்கியமானது, அருமையானவற்றுக்குப் பிரதி எடுத்தல். பிளேஸ்ரேஷன் 4இல் சேமித்தவற்றைப் பென்டிரைவிற் பிரதி செய்யலாம். பிளேஸ்ரேஷன் 5இற்கென வந்த விளையாட்டுக்களுக்கு அவ்வசதி இல்லை. கட்டணம் செலுத்தி நிறுவனத்தின் சேமிப்பிலேதான் வைக்க வேண்டும். அதற்கு வசதி இல்லாதோர் திரையைப் படமாவது எடுத்து வைக்கட்டும்.

மூன்றாம் முறை கோடு மெல்ல மெல்ல வளர்ந்தது. பையன் மூச்சு விடாமல் நின்றான். அம்மம்மா, மின்விசிறியை நிறுத்தினால் மின்சாரம் போகாமல் இருக்குமோ என்று கேட்டார். நிறுத்திவிட்டோம். கோடு முடிவைத் தொட்டது, திரை ஒளிர்ந்தது. சற்று நேரத்தில் கட்டிகளாலான படலையும் முற்றமும் தோன்றின.

அம்மம்மா கதிரையை அருகே இழுத்துப் போட்டு வெகுநேரம் பார்த்திருந்தார். பிறகு, "கிணறு இஞ்சால இல்லை ராசா. பலாவுக்கு அங்கால, கிழக்குப் பக்கம்" என்றார்.

"அண்ணாவைக் கேட்டுத்தான் மாத்துவன்" என்றான் பையன்.

அன்றிரவே அந்த வீட்டுக்கு இரண்டு பிரதிகள் எடுத்தோம். ஒன்று அம்மம்மாவின் கைப்பெட்டிக்குள், காணி உறுதியோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. நேயர்கள் வீட்டிலும் இத்தகைய பெட்டி இருக்கலாம். அதனுள்ளே பிள்ளைகள் எதைச் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்று, அழிக்குமுன் ஒரு வார்த்தை கேட்டறிவது பெரியோர் கடன்.