டிசைன் மட்டும் ஏன் ஃப்ரீ?

ஓசூர்ல "நான் டிசைன் பண்றேன்"னு சொல்லிப் பாருங்க. அடுத்த கேள்வி ரெடியா வரும்: "அப்போ பெங்களூர்லயா வேலை?" ஜூஜூவாடி தாண்டினா அத்திப்பள்ளி, அங்கிருந்து எலக்ட்ரானிக் சிட்டி. யோசிக்கிற வேலை அந்தப் பக்கம், இரும்பு கடையற வேலை இந்தப் பக்கம்னு நாமளே மனசுக்குள்ள ஒரு பார்டர் போட்டு வெச்சிருக்கோம்.

ஆனா டைட்டன் எட்ஜ் வாட்ச் உருவானது இதே ஓசூர்லதான். 2002இல் வந்தது. மொத்தத் தடிமன் 3.5 மி.மீ., உள்ளே இருக்கும் மூவ்மென்ட் 1.15 மி.மீ. அஞ்சு ஏ.டி.எம். கார்டை அடுக்கினா வர்ற உயரம்கூட அந்த வாட்ச்சுக்கு இல்லை. அதனால இங்கே டிசைன் பண்ண ஆள் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. இங்கே டிசைனுக்குத் தனியா விலை கேட்கிற பழக்கம்தான் இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். போன வருஷம் நாங்க மூணு பேர் சேர்ந்து ஜிக், ஃபிக்சர் டிசைன் பண்ண ஆரம்பிச்சோம். சிப்காட்ல ஒரு கம்பெனிக்கு டிரில்லிங் ஃபிக்சர் வேணும்னாங்க. 11 நாள் வேலை, 5 தடவை மாத்தினோம். "ஸ்டெப் ஃபைல் அனுப்புங்க தம்பி, பார்த்துட்டுச் சொல்றோம்"னாங்க. அனுப்பினோம். அதுக்கப்புறம் போனே எடுக்கலை. ரெண்டு மாசம் கழிச்சு வேற ஒரு வேலையா ஒரு டூல் ரூமுக்குப் போனப்ப, அங்கே வி.எம்.சி.யில ஓடிக்கிட்டு இருந்தது எங்க ஃபிக்சர். நாங்க தப்பா விட்டிருந்த ஒரு எக்ஸ்ட்ரா எம்6 ஓட்டைகூட அப்படியே இருந்துச்சு.

கோபம் வந்தது நிஜம். ஆனா யோசிச்சுப் பார்த்தா, எங்ககிட்ட என்ன ஆதாரம் இருந்துச்சு? கொட்டேஷன் கொடுக்கலை, பி.ஓ. வாங்கலை, "இவ்வளவு ரூபாய்"னு ஒரு மெயில்கூட போடலை. 'முதல் வேலை, காசு கேட்டா போயிடுவாங்க'ன்னு பயந்தோம்.

"இங்கே எல்லா வெண்டாரும் டிசைனை ஃப்ரீயாத்தானே தர்றாங்க?"ன்னு சீனியர்கள் கேட்பாங்க. அவங்க ஃப்ரீயாத் தர்றது இல்லை. டிசைன் செலவை மெஷினிங் பில்லுக்குள்ள சேர்த்துடறாங்க. மெஷின் வெச்சிருக்கிறவர் அப்படிச் செய்யலாம். லேப்டாப் மட்டும் வெச்சிருக்கிற நாம எந்தப் பில்லுக்குள்ள சேர்க்கிறது? நாம விற்கிற ஒரே பொருள் டிசைன்தான்.

எவ்வளவு கேட்கிறது? ஒரு கணக்கு போடுவோம். ரூம் வாடகை, பெட்ரோல், சாப்ட்வேர், சாப்பாடு எல்லாம் சேர்த்து மாசம் 30,000 ரூபாய்னு வையுங்க. 200 மணி நேரம் உழைச்சாலும் பாதி நேரம் கம்பெனி கம்பெனியா அலையறதுலயும் போன்லயும் போயிடும். பில் போடக்கூடியது 100 மணி நேரம்தான். அப்போ மணிக்கு 300 ரூபாய்க்குக் கீழே வாங்கினா நாம கைக்காசு போட்டு வேலை செய்யறோம்னு அர்த்தம். இதுல ஸ்டூடன்ட் லைசென்ஸ் சாப்ட்வேர்ல காசு வாங்கற வேலை செய்யக் கூடாதுங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கணும். கிராக் போடறதும் வேண்டாம். ஃப்ரீகேட் மாதிரி திறந்த மூல மென்பொருளில் தொடங்கலாம்.

எங்க மூணு பேரோட இப்போதைய ரூல் இதுதான். முதல்ல ஒரு கான்செப்ட் ஸ்கெட்ச், பி.டி.எஃப்.ஆக மட்டும், இலவசம். பி.ஓ.வும் பாதி அட்வான்ஸும் வந்த பிறகு 3டி மாடல். ரெண்டு திருத்தம் வரை விலைக்குள்ள, மூணாவதுக்குத் தனிக் காசு. ஸ்டெப் ஃபைல் கடைசியில். இதைக் கேட்டு ரெண்டு பேர் போயிட்டாங்க. மூணாவது ஆள் பி.ஓ. கொடுத்தார்.

சட்டமும் நம்ம பக்கம் கொஞ்சம் இருக்கு. உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தா ஆன்லைனிலேயே முடியும், சேவைத் தொழிலுக்கும் உண்டு. பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அத்திப்பள்ளி கம்பெனிக்கு வேலை செஞ்சாலும், வருஷ வருமானம் 20 லட்சத்துக்குள்ள இருந்தா சேவைக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. ஆனா இதெல்லாம் உதவணும்னா கையில ஒரு பி.ஓ. இருக்கணும். வாய்வார்த்தையை எந்தக் கவுன்சில்ல போய்க் காட்டறது?

நாலு வருஷத்துல நமக்கு லொகேட்டர் எங்கே வைக்கணும், டாலரன்ஸ் எப்படிப் போடணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. கொட்டேஷன் எழுத ஒரு பீரியட்கூட இல்லை. ஃபைனல் இயர் பிராஜெக்ட் ரிப்போர்ட்ல கடைசிப் பக்கமா ஒரு கொட்டேஷனையும் கேட்கலாமே? ஹெச்.ஓ.டி. சார் இதைப் படிச்சா யோசிக்கட்டும். அவர் யோசிக்கிற வரைக்கும், ஃபைலை அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க பி.ஓ. கேளுங்க.