குனிந்து வாங்கிய மாலை

திருப்பனந்தாள் கோயிலுக்குத் தாடகையீச்சரம் என்ற பெயர் வந்த கதை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தாடகை என்ற பெண் மாலை சாத்தக் கைகளை உயர்த்தியபோது ஆடை நெகிழ்ந்தது. முழங்கைகளால் அதை இடுக்கிக்கொண்டு தவித்தாள். சிவன் தலை சாய்த்து மாலையை ஏற்றார். 'பக்தி இருந்தால் எட்டிப் போடு' என்று சொல்லவில்லை.

புற்றுநோய் கண்டவரிடம் நாம் அதைத்தான் சொல்கிறோம். ஆரஞ்சுப் பழத்தையும் ஹார்லிக்ஸையும் வைத்துவிட்டு, "தைரியமா இருங்க" என்று எழுந்து வந்துவிடுகிறோம்.

கருப்பைவாய்ப் புற்று வந்த ஒரு நடவுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். 'கரண்ட் வைக்க', அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு, வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரமாவது தஞ்சாவூருக்கோ வேறு பெரிய ஊருக்கோ போக வேண்டும். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு மும்முரமாகும்போது அந்தச் சிகிச்சை வந்தால் அவருடைய கூலி போகும். துணைக்குப் போகிறவரின் கூலியும் போகும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைத் தாங்குகிறது, போன கூலியைத் தருவதில்லை. பாதியில் நிறுத்துபவரை மனத்திடம் இல்லாதவர் என்பது அநியாயம்.

அந்தச் சிவனைப் போலக் குனிந்தவர்களும் உண்டு. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923-இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அவர் முயன்று எழுப்பிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1952-இல். பன்னிரண்டு படுக்கைகளோடு அது திறந்தது 1954-இல். ஒரு துக்கம் மருத்துவமனையாக முப்பத்தோரு ஆண்டுகள் பிடித்தன. மறுஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் காலமாகும்வரை அதைவிட்டு விலகவில்லை. அவர்கள் நோயாளிக்கு உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை, படுக்கை போட்டார்கள்.

குணமாகாத கட்டத்திலும் செய்ய வேண்டியது இருக்கிறது. வலி தின்னும் உடம்பில் தைரியம் நிற்காது. மார்ஃபின் என்ற வலி நிவாரண மாத்திரை கிடைப்பதை எளிதாக்க 2014-இல் போதைப்பொருள் சட்டமே திருத்தப்பட்டது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிக்கும் பராமரிப்பும் உண்டு. வலியில் கிடப்பவருக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

அடுத்த முறை நோயாளியின் வீட்டுக்குப் போகும்போது, எந்தெந்தக் கிழமை துணைக்கு ஆள் இல்லை என்று கேளுங்கள். அதில் ஒரு நாளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.