மானிட்டர் போகவில்லை, சார்!



சென்ற இதழில் கொத்தமல்லித் தொக்கு படத்துக்குக் கீழே, 'வட்டி விகிதம் மாறக்கூடியது. கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள்' என்று அச்சாகியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அது வீட்டுக்கடன் கட்டுரையில் வரவேண்டிய வரி. அந்தக் கட்டுரைக்குப் போனால், வங்கி கவுன்டர் படத்துக்குக் கீழே 'எண்ணெய் பிரிந்து வரும்வரை கிளறவும்'!

போனிலும் வாட்ஸ்அப்பிலும் எங்களை வறுத்தெடுத்துவிட்டீர்கள். "கடன் வாங்கினா எண்ணெய் பிரியத்தானே சார் செய்யும், சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்றார் ஒரு வாசகர்.

தவறு எங்களுடையதுதான். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது நேர்ந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால், அதே சங்கடம் இன்றைக்கு உங்கள் வீட்டு மேஜைக்கும் வரலாம். வந்தால் வீணாகப் பணம் போகும்.

எங்கள் லேஅவுட் தம்பிக்கு இரண்டு திரைகள். ஒன்றில் பக்கம் விரிந்திருக்கும். இன்னொன்றில் மேட்டர், படங்கள், பிழைதிருத்துபவர் குறித்துக் கொடுத்தவை. இதழ் முடிக்கும் நாளன்று காலை அவர் வந்து உட்கார்ந்தபோது இரண்டாவது திரை கறுப்பாக இருந்தது. அதில் 'நோ சிக்னல்' என்ற சின்னப் பெட்டி மட்டும் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஆமை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது.

கேபிளைப் பிடுங்கிச் செருகினார். ஊதிச் செருகினார். வேறு கேபிள் போட்டார். நம் ஊர் வழக்கப்படி பக்கவாட்டில் இரண்டு தட்டும் தட்டினார். "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு."

வழக்கமாக வரும் சர்வீஸ்காரருக்கு போன் போட்டோம். அவர் பார்க்கவே இல்லை. "வாங்கி ஆறு வருஷம் ஆச்சா? அப்ப மானிட்டர் போயிருக்கும் சார். புதுசு போட்டுடலாம்." நானும் வவுச்சரில் கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டேன்.

அக்கவுன்ட்ஸ் பிரிவு அம்மா விடவில்லை. அந்த மானிட்டரைத் தூக்கி வரச்சொல்லித் தன் பழைய கம்ப்யூட்டரில் மாட்டினார். பளிச்சென்று படம் வந்தது! அப்புறம்தான் தம்பிக்கு நினைவு வந்தது. முந்தின நாள் இரவு கிளம்பும்போது 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' என்று கேட்டிருக்கிறது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

மானிட்டர் போகவில்லை. கம்ப்யூட்டர் ராத்திரியோடு ராத்திரியாக மாறியிருந்தது. அன்று முழுக்க ஒரே திரையில் ஜன்னல் மாற்றி ஜன்னல் மாற்றி வேலை பார்த்ததில், இரவு பதினொரு மணிக்கு வட்டி விகிதம் தொக்கில் விழுந்துவிட்டது.

எந்தக் கம்பெனியின் அப்டேட் என்று கேட்காதீர்கள். இந்த விஷயத்தில் எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

ஒரு அப்டேட்டால் மானிட்டர் எப்படி இருண்டுபோகும்? விசாரித்ததில் புரிந்ததைச் சொல்கிறேன். மானிட்டரை மாட்டியதும் அது கம்ப்யூட்டரிடம் தன் ஜாதகத்தை நீட்டுகிறது. நான் இன்ன தயாரிப்பு, என் அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, நொடிக்கு இத்தனை முறை படம் மாற்றுவேன் என்று எல்லாம் அதில் இருக்கும். ஈடிஐடி என்கிறார்கள். அடிப்படை ஜாதகம் வெறும் 128 பைட்தான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் டிரைவர் அதைப் படித்துப் பொருத்தம் பார்த்து, அதற்கேற்றபடி படத்தை அனுப்பும். அப்டேட் வரும்போது சில சமயம் இந்த ஜோசியரையே மாற்றிவிடுகிறார்கள். புது ஜோசியர் பழைய ஜாதகத்தைத் தப்பாகப் படித்தால் 'பொருத்தம் இல்லை' என்று கையை விரித்துவிடுவார். மாப்பிள்ளை மீது குற்றமே இல்லை.

உலகமே பார்த்த ஒரு உதாரணம் உண்டு. 2018 மார்ச் கடைசியில் ஆப்பிள், மேக் ஓஎஸ் ஹை சியரா 10.13.4 என்ற அப்டேட்டை வெளியிட்டது. யுஎஸ்பி டாக் அல்லது அடாப்டர் வழியாகக் கூடுதல் மானிட்டர் மாட்டியிருந்த பலருக்கு மறுநாள் திரை கறுப்பு. அந்த டாக்குகளுக்குள் இருந்தது டிஸ்ப்ளேலிங்க் என்ற தொழில்நுட்பம். சாதாரண மானிட்டருக்குப் படம் கிராபிக்ஸ் சிப்பிலிருந்து நேராகப் போகும். டிஸ்ப்ளேலிங்க்கில் ஒரு சாஃப்ட்வேர் படத்தைச் சுருக்கி மூட்டை கட்டி யுஎஸ்பி வழியாக அனுப்பும். அந்தப் பக்கம் இருக்கும் சிப் மூட்டையைப் பிரிக்கும். ஓஎஸ்ஸின் உள்ளே ஏதோ ஒன்று மாறியதும் மூட்டை கட்டும் வேலையே நின்றுபோனது. 10.13.3-லேயே இருங்கள், மேலே போகாதீர்கள் என்று டிஸ்ப்ளேலிங்க் கம்பெனியே சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் அப்டேட் போட்டுக்கொண்டவர்கள் என்ன செய்வார்கள்? வேடிக்கை என்னவென்றால், வெளியிலிருந்து கிராபிக்ஸ் பெட்டியை மாட்டிக்கொள்ளும் வசதியை ஆப்பிள் முறைப்படி கொடுத்ததும் அதே அப்டேட்டில்தான்.

அதெல்லாம் ஐ.டி. ஆட்களின் பாடு, நமக்கென்ன என்று இருந்த காலம் ஒன்று உண்டு. 2020-க்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியுமா? ஊரடங்கில் ஆபீஸ் வீட்டுக்கு வந்தது, கூடவே இரண்டாவது திரையும் வந்தது. சாப்பாட்டு மேஜையில் ஒன்று. ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய செகண்ட் ஹேண்ட் ஒன்று. ஹாலில் இருக்கிற டிவியே எச்டிஎம்ஐ கேபிள் மாட்டினால் மானிட்டர். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, மாமனாரின் ஷேர் மார்க்கெட், கல்யாண வீடியோ எடிட்டிங் எல்லாம் அதில்தான்.

இதைவிட என்னை உலுக்கியது ஒரு வாசகி போனில் சொன்ன கதை. அவர் மகள் கல்லூரி மாணவி. போன வருஷம் லேப்டாப் கீழே விழுந்து அதன் திரை உடைந்துவிட்டது. மாற்றுவதற்குச் சில ஆயிரங்கள் கேட்டார்கள். "ஃபீஸ் கட்டுற நேரம் சார், எங்கே போறது?" அப்பாவின் ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய மானிட்டரைக் கொண்டுவந்து மாட்டிக்கொடுத்தார்கள். அந்த வீட்டில் அதுதான் ஒரே திரை.

புராஜெக்ட் சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவு அப்டேட் ஓடியது. அப்புறம் மானிட்டரில் ஒன்றும் இல்லை. லேப்டாப் உயிரோடுதான் இருக்கிறது. ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கிறது. தோழிகளின் மெசேஜ் வந்து வந்து 'டிங்' என்கிறது. பார்க்கத்தான் வழியில்லை. கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால், "மேடம், உங்கள் லேப்டாப் திரையில் செட்டிங்ஸைத் திறங்கள்" என்றார்களாம்.

இருக்கிற திரை உடைந்ததால்தானே இன்னொரு திரை!

கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் வந்து கண்டுபிடித்தான். அப்டேட்டுக்குப் பிறகு 'லேப்டாப் திரையில் மட்டும் காட்டு' என்று அமைப்பு மாறியிருந்திருக்கிறது. உடைந்த திரைக்குள்ளே கம்ப்யூட்டர் சமர்த்தாகப் படம் காட்டிக்கொண்டிருந்தது. விண்டோஸ் கீயோடு பி-யை அழுத்தி (க்யூவுக்கு முன்னால் வருகிற பி), கண்ணை மூடிக்கொண்டு கீழ்நோக்கும் அம்பைத் தட்டித் தட்டி என்டர் கொடுத்துப் பார்த்தான். நாலைந்து முயற்சிக்குப் பிறகு படம் வந்தது. அந்த அம்மா அவனுக்கு நடுராத்திரியில் தோசை வார்த்துப் போட்டாராம்.

சரி, நம் வீட்டில் இப்படி நடந்தால்? முதலில் மானிட்டரை வேறு ஏதாவது ஒன்றில் மாட்டிப் பாருங்கள். செட் டாப் பாக்ஸ் இருந்தால்கூடப் போதும், எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தால் சரி. படம் வந்துவிட்டால் கடைக்குப் போகும் வேலை மிச்சம். இரண்டாவது, மானிட்டரைச் சுவரில் இருக்கும் சுவிட்சிலேயே அணைத்து, இரண்டு நிமிடம் விட்டுப் போடுங்கள். ரிமோட்டில் அணைப்பது மாதிரி முன்பக்கப் பட்டனை அழுத்துவதால் அது முழுதாக அணைவதில்லை. விண்டோஸ் என்றால் இன்னொரு கைவைத்தியமும் உண்டு. விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி-யைத் தட்டுங்கள். இது ஏ-வுக்கு அடுத்து வருகிற பி. இரண்டையும் தமிழில் எழுதுவதில் இப்படியொரு தொல்லை. 'பீப்' என்று ஒரு சத்தம் வந்து திரை ஒருமுறை சிமிட்டும். கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். திறந்து வைத்த வேலை எதுவும் போகாது.

அதற்கும் மசியாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' பகுதிக்குப் போய் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தால் பழைய ஜோசியர் திரும்பி வருவார். எங்கள் ஆபீஸில் கடைசியில் அப்படி டிரைவரைப் பழையதாக்கித்தான் இரண்டாவது திரை மீண்டது. இதழ் அச்சுக்குப் போன மறுநாள்!

"அப்படின்னா அப்டேட்டையே நிறுத்திடலாமே சார்?" என்று லேஅவுட் தம்பி கேட்டார். நீங்களும் கேட்பீர்கள். நானும் கோபத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

வேண்டாம். 2017 மே 12 நினைவிருக்கிறதா? வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப்போட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டிவந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். நெட் பேங்கிங்கும் யுபிஐயும் ஓடுகிற வீட்டில் அப்டேட் போடாமல் இருப்பது, கொல்லைக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது மாதிரி.

ஆனால் வந்த அன்றே போட்டாக வேண்டும் என்று என்ன கட்டாயம்? மைக்ரோசாஃப்ட் 2003-லிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாயைப் பாதுகாப்பு அப்டேட்டுக்கென்று ஒதுக்கியிருக்கிறது. அமெரிக்காவில் செவ்வாய் காலை என்றால் நமக்கு அன்று இரவு. 'செவ்வாயோ வெறுவாயோ' என்று நல்ல காரியத்தைத் தள்ளிப்போட்ட பாட்டிமார் இதைத் தெரிந்துதான் சொன்னார்களோ என்னவோ! செட்டிங்ஸில் அப்டேட்டைச் சில வாரங்கள் நிறுத்திவைக்க வசதி இருக்கிறது. பரீட்சை, இன்டர்வியூ, வருமான வரிக் கடைசித் தேதி என்று ஏதாவது இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை காலை காபியோடு உட்கார்ந்து, முக்கியமான ஃபைல்களை பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்துவிட்டு, ஓடவிடுங்கள். காப்பி எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய ஃபைல்களையே அழித்துவிட்டது. அதை நிறுத்திவைத்து, சரிசெய்து, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டார்கள்.

கம்பெனிகள் மேல் எனக்குக் கோபம் இல்லையா என்றால், இருக்கிறது. உலகத்தில் உள்ள எல்லா மானிட்டரையும் எல்லா கேபிளையும் சோதித்துப் பார்ப்பது முடியாத காரியம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்டேட் முடிந்து திரை வராவிட்டால் சில நிமிடங்களில் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பு என்று ஒரு ஏற்பாடு செய்யக் கூடாதா? ரெசல்யூஷன் மாற்றும்போது 'இது சரியா?' என்று கேட்டு, பதில் வராவிட்டால் தானே பழையபடி திரும்புகிறதே, அது மாதிரி. அந்தச் சின்னப் பெட்டி எத்தனையோ வருஷமாக இருக்கிறது. அதை யோசித்தவர்களுக்கு இதுவும் தோன்றியிருக்கும்.

லேஅவுட் தம்பியின் மானிட்டர் ஓரத்தில் இப்போது ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறது: 'இதழ் முடியும்வரை அப்டேட் இல்லை'. அக்கவுன்ட்ஸ் அம்மாவின் கையெழுத்து.

கொத்தமல்லித் தொக்கு, சரியான வரிகளோடு, இந்த இதழின் 42-ஆம் பக்கத்தில் மறுபடியும் வருகிறது. எண்ணெய் பிரிந்து வரும்வரை கிளறவும்.

அன்புடன்,
ஆசிரியர்